விஞ்ஞான ஆசிரியர் மயில்வாகனனார்

புத்தாக்கமும் சமூகமும் என்ற பொருளில் நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமென மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, புதிய ஸ்கேன் இயந்திரங்களைப் பற்றியோ கணினி வழி மருத்துவத்தைப் பற்றியோ ஒரு வைத்தியர் எழுதுவார் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எழுத எடுத்துக்கொண்டது 1947ஆம் ஆண்டு மறைந்த ஒரு துறவியின் வாழ்க்கையை. சுவாமி விபுலாநந்தரை அறியாதவர் மட்டக்களப்பில் இல்லை. எங்கள் தலைமுறையில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒவ்வொரு மாணவியும் அவரை ஒருமுறையாவது மனனம் செய்திருப்பாள். முத்தமிழ் வித்தகர், யாழ் நூல் தந்தவர், முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று அடுக்கிக்கொண்டு போவோம். மணி அடித்ததும் இறங்கிவிடுவோம். அந்தப் பட்டங்களுக்கு அடியில் இரசாயனமும் பௌதிகமும் கற்பித்த ஓர் இளம் ஆசிரியர் இருந்தார் என்பதை எங்களுக்கு எவரும் அழுத்திச் சொல்லவில்லை. எனக்கு அவர்தான் முக்கியமானவராகத் தோன்றுகிறார்.

மயில்வாகனன் என்பது அவரது பிள்ளைப் பெயர். 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்தில் உள்ளது. அந்நாளில் அதுவும் மட்டக்களப்புத்தான். ஊரில் எழுத்தறிந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் தொடங்கி, பின்னர் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும், இயேசு சபைக் குருமார் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கிடைத்தது இரண்டு கிறிஸ்தவ சபைகளின் பாடசாலைகளில். இதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை என்றே அவரது பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்குப் படுகிறது. பிறரிடம் கண்ட நல்லதைத் தம்மவருக்கும் செய்துகாட்டுவதே அவரது வழியாக இருந்தது.

அன்றைய வாவிக்கரையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். படுவான்கரையில் நெல், எழுவான்கரையில் தென்னை, நடுவில் மீன். இவை மூன்றும் சேர்ந்து மக்களுக்குச் சோறு போட்டன. ஆனால் சம்பளம் என்பது வேறொரு உலகம். கச்சேரியிலும் வைத்தியசாலையிலும் தபாற்கந்தோரிலும் உத்தியோகம் பார்க்க ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலப் பாடசாலை பட்டினத்தில், அதுவும் கட்டணத்துக்கு. தமிழ்ப் பாடசாலையில் வாசிப்பும் எழுத்தும் கணக்கும் கிடைக்கும், விஞ்ஞானம் கிடையாது. மருந்து, மின்சாரம், இயந்திரம், உரம் என்று உலகத்தை மாற்றிக்கொண்டிருந்த அறிவு முழுவதும் ஒரு மொழியின் வேலிக்கு அப்பால் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை வேலியைத் தாண்டினால் அரசாங்க உத்தியோகத்தர் ஆவான். அவனது அறிவு அவனோடு கொழும்புக்குப் போய்விடும். ஊருக்கு அதனால் ஆன பயன் மாதாமாதம் வரும் காசுக்கட்டளை மட்டுமே.

மயில்வாகனனும் வேலியைத் தாண்டியவர்தான். சில காலம் படிப்பித்துவிட்டு 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குச் சென்றார். பயிற்சி முடிந்து மீண்டும் புனித மிக்கேலில் ஆசிரியர். பிறகு கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அதில் முதன்முதலில் தேறியவர் என்பார்கள். ஒரே ஆண்டில் ஒரு கையில் சோதனைக் குழாயும் மறு கையில் தொல்காப்பியமும். இந்த இரண்டையும் வேறு வேறு அலுமாரிகளில் வைக்காமல் ஒரே மேசையில் வைத்ததுதான் இவரது தனித்தன்மை. பிற்காலத்தில் செய்த எல்லாமே அந்த மேசையிலிருந்து வந்தவை.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலங்கையில் அப்போது பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரியே 1921இல்தான் தொடங்கியது. பட்டம் வேண்டுமானால் வீட்டிலிருந்து படித்து இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை எழுத வேண்டும். அப்படிப் படித்தே 1920இல் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராக அழைக்கப்பட்டார்.

மானிப்பாய் என்றவுடன் ஒரு வைத்தியருக்கு இன்னொரு பெயர் நினைவுக்கு வராமல் போகாது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் 1848இல் அங்கே மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூலைத் தம் மாணவர்களின் துணையோடு தமிழாக்கி 1872இல் அச்சேற்றினார். இரண வைத்தியம், பிரசவம், இரசாயனம் ஆகியவற்றுக்கும் நூல்கள் செய்தார். தமிழில் படித்த அந்த மாணவர்கள் ஊர்களில் வைத்தியம் பார்த்தார்கள். 1873இல் கிறீன் தாயகம் திரும்பிய பின் அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தபோது தமிழில் வைத்தியம் படிக்க யார் வருவார்கள்? மயில்வாகனனார் அதிபராக வந்தபோது, அவ்வளவு பெரிய வேலை நடந்த ஊரில் அதன் நூல்களை எடுத்துப் படிப்பார் அரிது. புதியது ஒன்றைச் செய்துவிடுவதால் மட்டும் அது ஊன்றிவிடாது; அதைப் படித்தவனுக்கு ஒரு பிழைப்பு வேண்டும், அதைத் தொடர்ந்து நடத்த ஒரு நிறுவனம் வேண்டும்.

1922இல் அதிபர் பதவியை விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். பிரமசரிய நிலையில் பிரபோத சைதன்யர். 1924இல் சித்திரா பௌர்ணமியன்று, இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடர்களில் ஒருவரான சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். துறவியாகிப் போனவர் திரும்பி வந்து கணக்குப் புத்தகமும் கற்சுவரும் கையுமாக அலைந்தது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 1925இல் இலங்கைக்குத் திரும்பியதும் மிஷன் பாடசாலைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆசிரியர் நியமனம், அரசாங்க நன்கொடை, கூரை, கிணறு எல்லாமே துறவியின் தலையில்.

அப்பணியின் சிகரம் கல்லடி உப்போடையில் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயம். தம் குருவின் பெயரையே அதற்கு இட்டார். காலத்தைக் கவனியுங்கள். 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு பாலத்தின் மறுகரையில் இந்தப் பாடசாலை. பாலமும் புகையிரதமும் புதுமை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? அவை இரண்டும் நெல்லையும் தேங்காயையும் கொழும்புக்கு ஏற்றிச் சென்றன. இந்தப் பகுதி மக்களின் வருமானத்தின் தன்மையையே மாற்றியது மூன்றாவதாக வந்ததுதான் என்பது என் கருத்து. தோணியில் வலை வீசியவரின் மகன் பொறியியலாளர் ஆவதற்கு ஒரு தலைமுறை போதும் என்று காட்டிய இடம் அது. தூரத்துக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்க மாணவர் இல்லமும் அதனோடு சேர்ந்தது. பட்டினத்தில் உறவினர் வீடு இல்லாத பிள்ளைக்கு ஒரு பாயும் மூன்று வேளைச் சோறும் கிடைக்காவிட்டால், எவ்வளவு நல்ல பாடசாலையும் வெறும் கட்டிடம்தான். இந்தச் சிறு உண்மையை இன்றைய கல்வித் திட்டக்காரர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் மிஷன் பாடசாலைகள் நடத்தியது. ஆனாலும் விஞ்ஞானம் அந்தப் பாடசாலைகளுக்கு எளிதில் வந்து சேரவில்லை என்பதையும் பழைய மாணவியரின் மலரில் சொல்லாமல் விட முடியாது. ஆண் பிள்ளைகளுக்கு ஆய்வுகூடம், பெண் பிள்ளைகளுக்குத் தையலும் மனையியலும் என்ற பழக்கம் இந்நாடு முழுவதிலும் நெடுங்காலம் இருந்தது. எமது பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பில் நாங்கள் அமர்ந்தபோது, அந்த வாங்கு எங்களுக்கு முந்தியவர்கள் பலருக்குக் கிடைக்காத வாங்கு என்பதை எங்கள் ஆசிரியைகள் நினைவூட்டாத நாளில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. முதன்முதல் அப்பதவியில் அமர்ந்தவர் அவரே. இரண்டாண்டுகள் அங்கே இருந்தார். பகலில் பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம். மாலையில் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரியில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்து. இது சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை.

இனி நான் விரும்பி எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்ற எண்ணம் அப்போது தமிழ்நாட்டில் வலுத்து வந்தது. 1916இலேயே சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அதற்கென ஒரு சங்கம் கண்டார்கள். பிறகு சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்க வேலையை எடுத்துக்கொண்டது. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவர்கள் அழைத்தது மட்டக்களப்புத் துறவியை. காரணம் விளங்காத புதிர் அல்ல. பண்டிதர்கள் பலர் இருந்தார்கள், அவர்களுக்கு இரசாயனம் தெரியாது. விஞ்ஞானப் பட்டதாரிகள் இருந்தார்கள், அவர்களுக்குத் தொல்காப்பியம் தெரியாது. இரண்டிலும் பரீட்சை எழுதித் தேறியவர், அதிலும் வகுப்பறையில் இரண்டையும் கற்பித்தவர், மிகச் சிலரே. அந்த மாநாட்டின் பின் 1938இல் கலைச்சொற்கள் தொகுதியாக வெளிவந்தன. சுதந்திரத்தின் பின் 1950களில் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, தமிழால் இது முடியுமா என்ற கேள்வி ஏற்கெனவே பாதி தீர்ந்திருந்தது.

சொல் செய்வது புத்தாக்கமா என்று சிலர் கேட்கலாம். ஜப்பானியரைக் கேட்டுப் பாருங்கள். 1774இல் சுகிட்டா கென்பாக்கு என்ற வைத்தியரும் அவரது நண்பர்களும் ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூல் ஒன்றை, சரியான அகராதிகூட இல்லாமல், ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டித் தம் மொழியில் வெளியிட்டார்கள். நரம்பைக் குறிக்கத் தங்கள் மொழியில் சொல் இல்லாததால் புதிதாக ஒன்றைச் செய்தார்கள். அதுவே இன்றும் அங்கே வழங்குகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து ஜப்பான் தொழில்நாடாக எழுந்தபோது அதன் பள்ளிப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் படித்தார்கள். இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கலாம். அதைப் பழுதுபார்க்கும் நூறு பேரை உண்டாக்க, அதன் உறுப்புகளுக்குப் பெயர் வேண்டும்.

நான் உயர்தரம் வரை தமிழ் மொழி மூலம் படித்தவள். போர்க்காலம், மண்ணெண்ணெய் விளக்கில் உயிரியல் படித்த தலைமுறை. மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலம். முதல் மாதங்களில் தட்டுத்தடுமாறியது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நாடிக்கும் நாளத்துக்கும் நடுவிலுள்ள மிக நுண்ணிய குழாய்களை நாங்கள் மயிர்த்துளைக்குழாய் என்று படித்திருந்தோம். மயிரளவு துளையுள்ள குழாய் என்று சொல்லே பாடம் நடத்திவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இலத்தீனில் மயிர்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்து வந்த என் சக மாணவர் பலருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அகஞ்சுரக்குஞ் சுரப்பி, சமிபாடு, குருதிச் சுற்றோட்டம் எல்லாமே அப்படித்தான். கருத்து முன்பே உள்ளே இருந்தது, மேலே புதிய பெயரை ஒட்டிக்கொண்டால் போதும். வைத்தியராகி ஊர் திரும்பிய பின்புதான் அந்தச் சொற்களின் மறுபயனைக் கண்டேன். படுவான்கரையிலிருந்து கிளினிக்குக்கு வரும் அம்மாமார் நீரிழிவைச் சீனி வருத்தம் என்பார்கள். சீனியை விட்டுவிட்டேன், பிறகும் ஏன் மகள் ஊசி என்று கேட்பார்கள். இன்சுலின் என்ற சொல்லுக்குத் தமிழ் தேவையில்லை. அதை அவர்களே சொல்கிறார்கள். அது வயிற்றுக்குள் எங்கே ஊறுகிறது, ஏன் வற்றிப்போகிறது என்று விளக்கத்தான் மொழி வேண்டும். சதையி என்று சொல்லி, ஒரு கிணற்றை உவமை காட்டினால் தலையாட்டுகிறார்கள். விளங்கியவர் வயலுக்குச் செருப்போடு போகிறார், இரவில் பாதத்தைப் பார்க்கிறார். விளங்காதவர் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, முள் குத்தியதை அறியாமல், புண் பழுத்த பிறகு வருகிறார். காலை இழந்த விவசாயியின் குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்பதை வாவிக்கு மேற்கே வாழ்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1939இல் அடிகளார் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆச்சிரமத்துக்குச் சென்று பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இரண்டாண்டுகள் இருந்தார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இதற்கிடையே பல ஆண்டுகளாக அவரை ஆட்கொண்டிருந்தது யாழ்.

யாழ் நூலைப் பற்றி மேடைகளில் பேசுவோர் அதைத் தமிழ்ப் பற்றின் நூலாகவே பேசுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் பக்கம் பக்கமாகக் கணக்கு. பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. கருவி ஒன்றுகூட எஞ்சவில்லை. எஞ்சியவை சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதன் உரையும் வேறு சில குறிப்புகளும். பெயர்கள் உண்டு, ஒலி இல்லை. அடிகளார் பௌதிக ஆசிரியராக அதை அணுகினார். ஒரு நரம்பைச் சரிபாதியாகக் குறுக்கினால் ஒலி ஒரு தானம் மேலேறும். மூன்றில் இரண்டாகக் குறுக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும். இந்த விகிதங்களை வைத்து ஏழு சுரங்களையும் நுண்சுருதிகளையும் கணக்கிட்டு, பழைய உரைகாரர் சொன்ன முறைகளோடு ஒட்டிப் பார்த்து, பண்களை மீட்க முயன்றார். ஆய்வுகூடத்தில் அறியப்படாத உப்பு ஒன்றைப் பகுத்தறியும் மாணவனின் ஒழுங்கு அந்த நூலில் இருக்கிறது. அவரது முடிவுகள் எல்லாவற்றையும் இசையறிஞர் அனைவரும் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. இறந்த ஒரு கருவியை எண்களால் எழுப்பலாம் என்று நம்பி அதில் தம் வாழ்நாளின் நல்ல ஆண்டுகளைக் கொடுத்தவர் வேறு எவரும் நம்மிடையே இல்லை.

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. உடல் நலிந்த நிலையிலேயே அவர் அதில் கலந்துகொண்டார். ஆறு கிழமைகள் கழித்து, ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 55. கல்லடியில், தாம் எழுப்பிய பாடசாலை வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

யாழ் மீண்டும் மக்களின் கருவியாகவில்லை. இசை படித்த எங்கள் வகுப்புத் தோழியர் வீணையும் வயலினும்தான் கற்றார்கள். கல்லடியில் இன்று அவரது பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கும் யாழ் ஒரு பெருமைச் சின்னமே. கருவி செய்வாருக்கும் வாசிப்பாருக்கும் அதில் ஒரு பிழைப்பு அமையவில்லை. கிறீனின் நூல்களுக்கு நேர்ந்ததும் அதுதான். சிவானந்தாவுக்கு அது நேரவில்லை. 1960களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்ற பின்னும் அது தொடர்ந்து நடந்தது. அவரை நாம் புகழ்வது பெரும்பாலும் யாழுக்காக. நாம் உண்பது பாடசாலையாலும் சொற்களாலும். இதைச் சொன்னால் தமிழார்வலர் சிலர் என்னோடு கோபிக்கலாம்.

மட்டக்களப்பில் இப்போது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், பாடம் ஆங்கிலத்தில்தான். வாட்டில் என்னோடு சுற்றிவரும் மாணவியரின் குறிப்பேடுகளைச் சிலவேளை வாங்கிப் பார்ப்பேன். சிங்களப் பிள்ளைகளின் ஓரங்களில் சிங்களம். எங்கள் பிள்ளைகளின் ஓரங்களில், பென்சிலால் சிறிதாக, மயிர்த்துளைக்குழாய், அகஞ்சுரக்குஞ் சுரப்பி, சதையி.